அவர் பேரும் இருக்கட்டும்

சிங்கப்பூரில் கப்பல் சுற்றுலாவுக்கு அறை பிடித்துக் கொடுப்பதில் சுவீ லானுக்கு நல்ல பெயர். கணவர் இறந்து மூன்று மாதமே ஆன கெக் நியோ வந்து கேட்டபோது அவள் யோசிக்கவேயில்லை.

"கீழ்த்தளம், கப்பலோட நட்டநடு. ஆட்டமே தெரியாது. மேலயும் கீழயும் அறைங்கதான், தலைக்கு மேல யாரும் டான்ஸ் ஆட மாட்டாங்க. ஜன்னல்தான் இருக்காது."

"தனியா போறேனே, காசு குறையுமா?"

"தனியா போனாலும் ரெண்டு பேரு காசுதான்க்கா. உங்க வீட்டுக்காரர் பேரும் இருக்கட்டும். ஆள் வரலைன்னா துறைமுக வரியாவது திரும்பி வரும்."

கெக் நியோ சிரித்துவிட்டாள். "உயிரோட இருந்தப்பவே அவரு நேரத்துக்கு எங்கயும் வந்ததில்ல."

அவள் கணவர் கிம் சாயின் சாவில் காகித வீடு, காகிதக் கார், காகிதப் பாஸ்போர்ட் எல்லாம், மறு உலகில் அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று எரித்தார்கள். பாஸ்போர்ட்டை நெருப்பில் போட்டதே சுவீ லான்தான்.

புறப்படும் நாளில் கெக் நியோ பூப்போட்ட பையோடு கையசைத்துக்கொண்டே கப்பலுக்குள் போனதைச் சுவீ லான் கண்ணால் பார்த்தாள். கப்பல் திரும்பிய காலையில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவளைக் காணோம். ஊழியரிடம் விசாரித்தாள்.

"அந்த அறையில ஒருத்தர் வரலம்மா. அந்த அம்மா கப்பல்லயே ஏறல. அவங்க வீட்டுக்காரர் மட்டும்தான் வந்தாரு. அவரும் அப்பவே இறங்கிட்டாரே."

கடைக்குத் திரும்பியபோது, அவள் மேசைக்கு எதிரே கிம் சாய் உட்கார்ந்திருந்தார். மடியில் மனைவியின் பூப்போட்ட பை. கடை முழுக்கக் கருகிய காகித வாசனை.

"அறை நல்லா இருந்துச்சு, ஆடவேயில்ல," என்றார். "அடுத்த தடவை ஜன்னல் உள்ளதா பாரும்மா. நான் ஒருத்தன்தான். அவ பேரும் இருக்கட்டும்."