உத்தரத்துக்குக் கீழே

மூங்கில் உத்தரத்தின் மேல் கிரேன் அடுத்த மணல் மூட்டையை இறக்கியபோது, என் தம்பி அதற்குக் கீழே நின்று தலை வாரிக்கொண்டிருந்தான்.

வாங்க வந்தவர்கள் போட்டோ எடுப்பார்கள் அல்லவா, அதற்காக.

பசை போட்டவனே கீழே நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். முதலாளி கொண்டுவந்தது. மூங்கிலைப் பட்டை பட்டையாகக் கீறி, அவித்து, உலர்த்தி, பசை தடவி அடுக்கி, பிரஸ்ஸில் வைத்துச் சூட்டில் அழுத்தி எடுத்தால் தேக்கே தோற்றுப்போகும். ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் ஜனங்கள் நம்புவதில்லை. கீழே ஒரு ஆள் நின்றால் உடனே நம்பிவிடுவார்கள்.

நின்றவன் மனசில் என்ன ஓடியது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எப்போதும் நிற்பது என் வீட்டுக்காரர்தான். பசைப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு, தம்பி அவருக்குக் கையாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கல்யாண போட்டோவில் கூட அப்படி நிற்காதவர், அங்கே நிற்பார்.

இன்றைக்கு அவருக்குக் கால் வலியாம்.

அந்தக் கால்தான் காலையில் என்னை விட வேகமாக வேலைக்கு நடந்து வந்தது.

நான் பட்டை சீவும் பிரிவு. சோதனை என்றால் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கூடிவிடுவோம். இன்று வந்திருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். பிரசவ வார்டுக்குக் கூரை போட நூறு உத்தரம் கேட்டிருந்தார்கள். நூறும் நேற்று அழுத்தி எடுத்தவை, அதில் ஒன்றுதான் இப்போது சோதனையில். தம்பியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று முன்னால் நகர்ந்தேன்.

வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவர் கை சில்லிட்டிருந்தது.

"கிட்ட போகாத. நேத்து கரண்ட் போய்ப் போய் வந்துச்சு, பிரஸ்ல சூடே ஏறல. பசை பிடிச்சிருக்குமான்னு தெரியல."



"அப்ப தம்பிய வெளிய வரச் சொல்லுங்க."

அவர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எனக்குப் புரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் நூறு உத்தரமும் குப்பைக்குப் போகும். சூடு ஏறாததைச் சொல்லாமல் மறைத்ததற்குப் பசைப் பிரிவு மொத்தமும் வீட்டுக்குப் போகும்.

கத்திச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. மச்சினன் நிற்கிறபோது வாயை மூடிக்கொண்டிருக்கிற மனுஷன், பெண்டாட்டி போய் நின்றால் திறந்துதானே ஆக வேண்டும்? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், இதுகூடத் தெரியாதா எனக்கு?

கையை உதறிவிட்டுக் கோட்டைத் தாண்டினேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சிரித்தார்கள். "அக்கா தம்பி சார், குடும்பமே நம்பி நிக்குது" என்று மேனேஜருக்கு ஒரே பெருமை. எங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார்கள்.

தம்பி சிரிக்கவில்லை. சீப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, உதடு அசையாமல் பேசினான்.

"வெளிய போக்கா. மாமா காலையிலேயே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சேவா நிக்கிற?"

"அவரு நின்னு ஏதாவது ஆயிட்டா, அப்புறம் நீ என்னக்கா பண்ணுவ?"

தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் யார் நிற்பது என்று முடிவு பண்ண அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்திருக்காது. அவன் கேட்டதும் சரி என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கும் ரொம்ப நேரம் பிடித்திருக்காது.

அவனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும். நான் இவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி என் தோளைப் பிடித்துத் தள்ளுவதற்குள் கிரேன் கடைசி மூட்டையைத் தூக்கிவிட்டது. பொறுப்பாளர் என்ற முறையில் மேனேஜர் இவரிடம் கேட்டார், இறக்கலாமா என்று.

இவர் என்னைப் பார்த்தார். நன்றாக, என் முகத்தையே பார்த்தார்.

"இறக்குங்க சார்."

தலைக்கு மேல் ஏதோ முனகியது. தம்பி என்னை அமுக்கிக் குனியவைத்து என் மேல் கவிழ்ந்துகொண்டான். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது.

உத்தரம் தாங்கிவிட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். பிரசவ வார்டுக்கு நாளைக்கே லாரியில் ஏற்றிவிடலாம் என்று மேனேஜர் ஆஸ்பத்திரிக்காரர்களின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் எங்களிடம் ஓடி வந்தார். முகமெல்லாம் வேர்வை, அதற்கு மேல் சிரிப்பு.

"ஒண்ணும் ஆகல பாரு. நான்தான் வீணா பயந்துட்டேன்."

தம்பிக்கு என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வேண்டாம்க்கா என்று தலையாட்டினான். அவன் வேலையும் சேர்ந்துதான் போகும்.

கை தட்டல் அடங்கும் வரை காத்திருந்தேன். பிறகு மேனேஜரிடம் போய், நேற்று பிரஸ்ஸில் சூடு ஏறவில்லை என்பதை ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.