நூற்று நாற்பது

"பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டுடுங்க. டிஃபரன்ஷியலையும் மாத்துங்க. என்ன ஆனாலும் சரி, வண்டி நூத்தி நாப்பதைத் தொட்டாகணும், செல்லதுரை!"

ரகுராமன் தன் கான்டெஸாவின் பானெட்டைத் தட்டிச் சொன்னார். காருக்கு முப்பது வயது, அவருக்கு அறுபத்திரண்டு. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது என்பதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை.

சாலியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் செல்லதுரை தலையைச் சொறிந்தார். "இஞ்சின் பழசு சார். நூத்திப் பத்துக்கே மூச்சு வாங்குது."

"அதுக்குத்தான் டிஃபரன்ஷியலை மாத்தச் சொல்றேன். பின் அச்சுல, அதுக்குள்ள இருக்கிற பல்சக்கரத்தை மாத்தினா வேகம் தானா வந்துட்டுப் போறது!"

"ஏன்னா, போறும்," என்றாள் அவர் மனைவி ஸ்ரீவித்யா. "போன அறுவடையில என்ன ஆச்சு? ரோட்டுல நெல்லு காயப் போட்டிருந்தா. நீங்க பிரேக்கை அமுக்கினேள். வண்டி வழுக்கிச் சுத்தி, தஞ்சாவூரைப் பாத்து நின்னுது. நாம போயிண்டிருந்தது நாகப்பட்டினத்துக்கு!"

"அது டிரம் பிரேக்கோட தப்பு."

"ஓட்டினவர் மேல தப்பே இல்லையாக்கும்!"

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், திரும்பி வரும்வரை அவளுக்கு உயிர் உயிராக இருப்பதில்லை.

ரகுராமன் குரலைத் தணித்தார். "இதோ பாரு வித்யா, சத்தியமா சொல்றேன். ஒரே ஒரு தடவை நூத்தி நாப்பது. அன்னிக்கே சாவியை உன் கையில குடுத்துடறேன். அப்புறம் நீதான் ஓட்டற. நான் பக்கத்துல உக்காந்துண்டு வரேன்."

"தொடலேன்னா?"

"தொடற வரைக்கும் விட மாட்டேன்."

சொன்னபடி செய்கிற மனுஷர். அதுதான் அவளுடைய கவலை. ரகுராமன் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது, "சரி, நடத்துங்கோ. பிரேக்கை மட்டும் நல்லதா போடச் சொல்லுங்கோ," என்றாள் ஸ்ரீவித்யா. அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அவருக்கே ஆச்சரியம்.

வேலை முடிந்ததும் ஒரு விடிகாலையில் நாலுவழிச் சாலைக்குப் போனார்கள். அவர் ஓட்ட, அவள் பக்கத்தில், செல்லதுரை பின்சீட்டில்.

"பிக்கப்பைப் பாத்தியா, வித்யா! எண்பது... நூறு..." இஞ்சின் கதறியது. ரகுராமன் இருபது வயதுக்காரராக ஆகிவிட்டார். "நூத்தி இருபது! நூத்தி முப்பது!"

அந்த நேரம் பார்த்து ஒரு கல்லூரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களை முந்திப் போனது.

"கிராதகன்! நூத்தி அறுபதுல போறான்," என்று பல்லைக் கடித்தார். "நூத்தி நாப்பது! வித்யா, தொட்டுட்டேன்!"

பிரேக்கை அழுத்தினார். கார் கொஞ்சமும் பக்கவாட்டில் இழுக்காமல் நேராக நின்றது. அவர் கண் கலங்கிவிட்டது. இறங்கி வந்து சாவியை அவள் கையில் வைத்தார். பிறகு தூரத்தில் போய் நின்று, பழைய சிநேகிதர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு நூற்று நாற்பதின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார்.

செல்லதுரை ஸ்ரீவித்யாவின் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "சார் டீக்குப் போனப்போ நீங்க சொன்னீங்களேம்மா, வேகமா போக வேணாம், போற மாதிரி அவருக்குத் தெரிஞ்சா போதும்னு. அதான் டிஃபரன்ஷியல்ல லோடு வேனோட பல்சக்கரத்தை எடுத்துப் போட்டேன். அதுல சக்கரம் மெதுவா சுத்தினாலும் கியர்பாக்ஸ் வேகமா சுத்தும். ஸ்பீடோமீட்டர் முள்ளு கியர்பாக்ஸ் சுத்தறதைத்தான் காட்டும், சக்கரம் சுத்தறதை இல்ல. சார் இன்னிக்கு நூறைக்கூடத் தாண்டலை."

"அதை அப்படியே விட்டுடுங்கோ," என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள் ஸ்ரீவித்யா. "நான் அம்பதுல ஓட்டினாலும், பக்கத்துல உக்காந்துண்டு எழுபதுன்னு நெனச்சுண்டு வருவார், பாவம்."