பியானோவில் யார்?

சர்ச்சின் கீழ்த்தளத்தில் பொரித்த மீன் வாசனை அடங்குவதற்குள் பேராசிரியர் விட்கம் மைக்கை நீட்டிவிட்டார்.

டில்லார்ட் தெருக் கறுப்பர்களின் இசை வரலாற்றைப் பதிவு செய்ய வந்திருந்தார். தெருவை இடித்து மேலே நெடுஞ்சாலை போட்டு ஐம்பது வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் வந்தாரே, பெரிய மனசு. வாய்க்கு வாய் ‘சமூகம்’ என்றார். எங்களைத்தான் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவருக்குக் கிடைத்த பொக்கிஷம் எங்கள் சர்ச் ஊழியர், டீக்கன் லெமுவல். எண்பது தாண்டியும் ஞாபகம் கத்தி மாதிரி.

அந்தத் தெருவில் இருந்த சில்வர் ஸ்பூன் கிளப்பில் யார் எந்த மேஜையில் உட்கார்ந்தார்கள், யாரோடு வந்து யாரோடு போனார்கள், பாடகி எந்த வாசல் வழியாக நழுவினாள், எல்லாம் கொட்டினார்.

“தினமும் போவீங்களா ஐயா?”

“ஒரு ராத்திரி விட்டதில்ல.”

பேராசிரியர் கண்ணை மூடித் தலையாட்டினார். படித்தவர்கள் அப்படித்தான் பரவசப்படுவார்கள்.

என் பக்கத்தில் ஓசெல்லா அக்கா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கிளப்பில் பியானோ வாசித்த கிளியோன் அவள் புருஷன். அவன் வாசிப்புக்கு ஒரு இசைத்தட்டு கிடையாது, ஒரு போட்டோ கிடையாது. பேராவது இந்தப் பதிவில் ஏறட்டும் என்றுதான் வந்திருந்தாள்.

“நீயே சொல்லிடேன் அக்கா.”

“நான் சொன்னா பொண்டாட்டி பேச்சுடா. அந்தாளு வாயால வரணும்.”

டீக்கன் டிரம்ஸ் அடித்தவனைச் சொன்னார், டிரம்பெட் ஊதிய இரண்டு பேரைச் சொன்னார். வாசலில் டிக்கெட் கிழித்த என்னைக்கூட விடவில்லை.

“பியானோவில் யார்?” என்றார் பேராசிரியர்.

டீக்கன் தண்ணீர் கேட்டார். குடித்தார்.

“யாரோ ஒருத்தன். வருவான், போவான்.”

அக்கா எழுந்தாள்.

“ஜட்ஜு முன்னாடி ஞாபகம் இருந்துச்சே டீக்கன். முழுப் பேரு, வீட்டு நம்பரு, எந்தப் பாக்கெட்டுல கஞ்சாப் பொட்டலம்னு வரைக்கும் சாட்சி சொன்னீங்களே. அதே வாயால இப்பவும் சொல்லுங்க.”



டீக்கனைத் தினமும் கிளப்புக்கு அனுப்பியது போலீஸ் என்பது பேராசிரியரைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரியும். கிளியோன் சிறையிலிருந்து சவப்பெட்டியில்தான் வந்தான். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் டீக்கன் நீட்டிய காணிக்கைத் தட்டில் சமூகம் காசு போட்டுக்கொண்டுதான் இருந்தது.

பேராசிரியர் கண்ணைத் திறந்தார்.

“இது இசை சம்பந்தப்பட்டது இல்லையே…” என்று மெஷினை அணைத்து, ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அது அணைந்துவிட்டதா என்று டீக்கன் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு சொன்னார். முழுப் பேரும், வீட்டு நம்பரோடு, தெளிவாக.