பிரின்ஸ் இளைத்த விதம்

தேயிலைத் தோட்டத்துத் துரையின் நாய் பிரின்ஸை மிருக வைத்தியர் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விலா எலும்பு கையில் தட்டுப்படவில்லை. இடுப்பு இருந்த இடமே தெரியவில்லை. நாற்பது றாத்தல் நாய், மாதக் கடைசிக்குள் முப்பதுக்கு வர வேண்டுமாம்.

"வராட்டி நீ போ," என்றார் துரை, பங்களா சமையல்காரர் பத்திநாதனைப் பார்த்து.

பத்திநாதன் கேக்கை நிறுத்தினார், பாலை நிறுத்தினார், நாயை மலை சுற்ற வைத்தார். அவர் கண் அசந்தால் பிரின்ஸ் தொழிலாளர் லயத்துக்கு ஓடி வீடு வீடாக ரொட்டி தின்றது. துரை நாய்க்கு இல்லையென்று சொல்ல யாருக்குத் துணிச்சல்?

மாதக் கடைசியில் அடைமழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் வரிசையில் நிற்க, துரை குடையோடு வந்தார். பிரின்ஸைக் கொழுந்துக் கூடையில் உட்காரவைத்துத் தராசில் மாட்டினார்கள். பத்திநாதன் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினார்.

"முப்பது," என்று கூவினார் கணக்கப்பிள்ளை செல்லசாமி.

துரைக்குக் கண்ணைவிடத் தராசில் நம்பிக்கை. பத்திநாதனின் முதுகில் தட்டிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போனார். பிரின்ஸ் நாலடி நடந்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டது.

"எப்படிங்கய்யா?" என்று கேட்டார் பத்திநாதன்.

கணக்கப்பிள்ளை நிமிரவில்லை. "கூடைக்குக் கழிச்சேன், ஈரத்துக்குக் கழிச்சேன், காம்புக்கும் முத்தல் எலைக்கும் கழிச்சேன். தொரை போட்ட சட்டந்தானே."

அடுத்து நின்ற பேச்சியம்மா தன் கூடையைத் தராசில் மாட்டினாள்.

"எங்க கொழுந்தும் தெனமும் இப்படித்தாங்க எளைக்குது."