மிளகாய்க் களத்தில் இறங்கியவன்

“அண்ணே, லெஃப்ட்டு. லெஃப்ட்ட இழுங்கண்ணே. அண்ணே, அது மொளகா!”

ஹெல்மெட்டுக்குள் இருந்த வாக்கிடாக்கியில், குதிக்கச் சொல்லித்தரும் ஈஸ்வரி மேடம் கத்தியபோது, நான் ஏறக்குறைய தரைக்கு வந்துவிட்டேன்.

விமானத்திலிருந்து குதிக்கப் பழகுகிறவர்கள் இறங்குவதற்காக, கிளப் பொட்டலில் சிவப்புத் துணி விரித்திருப்பார்கள். மேலிருந்து பார்த்தேன். சிவப்பாக, சதுரமாக, பளிச்சென்று தெரிந்தது. இன்றைக்குக் கொஞ்சம் பெரிய துணி. என் உடம்பைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதம் திருச்சுழிப் பக்கம் சிவப்பாக என்ன காயும் என்பது, மோட்டார் பம்பு விற்கிறேன் என்று இதே காடுகளில் அலைகிற அருப்புக்கோட்டைக்காரனுக்குத் தோன்றவில்லை.

முதலில் என் பின்பக்கம் இறங்கியது. பிறகு நான். கடைசியாகப் பாராசூட் ஆற அமர வந்து எல்லாவற்றையும் மூடியது.

தும்மிக்கொண்டே துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினேன். மிளகாய் கிளறுகிற கம்போடு ஓர் அம்மா நின்றிருந்தார்.

“ஏப்பா, எங்கிட்டு இருந்து வார?”

“மேல இருந்துக்கா.”

“எங்கிட்டு இருந்தும் வா. களத்துக்குள்ள செருப்போடயா வருவாக?”

அவர் பெயர் சந்தனம்மாள். வானத்திலிருந்து ஆள் விழுந்ததைப் பற்றி அவருக்குப் புகாரே இல்லை. ஷூவைக் கழற்றிக் களத்துக்கு வெளியே வைத்துவிட்டு, வெறுங்காலோடு நசுங்கிய மிளகாயைப் பொறுக்க உட்கார்ந்தேன்.

என் திட்டம் வேறாக இருந்தது. துணியின் நடுவில் அழகாக இறங்கி, மேடத்தின் வாயால் ‘சரி’ என்று சொல்லவைத்து, கிளப்பில் விலைக்கு வந்திருக்கும் அந்த நீலக் குடையை, அதாவது பாராசூட்டை, இன்றே வாங்கிவிடுவது.

பழகுகிறவர்களுக்குக் கிளப்பில் கொடுக்கும் பாராசூட் பெரியது. ஆடி அசைந்துதான் இறங்கும். ‘கல்யாணப் பந்தல்’ என்று அதற்குப் பேர் வைத்தவனே நான்தான். நீலம் சின்னது. விர்ரென்று பாயும். அதில் வந்து இறங்குகிறவனைப் பார்த்து யாரும் பந்தல் என்று சிரிக்க மாட்டார்கள்.

‘விற்பனைக்கு’ என்ற அட்டையோடு ஷெட்டில் தொங்குகிறது. துணியில் பழசின் வாசனைகூட இல்லை.

“யாருது மேடம்? புதுசாவே இருக்கே, ஏன் விக்கிறாக? எனக்குச் சரிப்படுமா?”

எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். “டீ ஆறுதுண்ணே.”

மற்றவர்களைக் கேட்டால், மேடத்தைக் கேள் என்பார்கள்.

மேடத்துக்கும் ஒரு பேர் வைத்திருந்தேன். கலெக்டரம்மா. நாங்கள் எல்லாரும் தரையில் மண்டிபோட்டுப் பாராசூட் மடிப்போம். அவர் மேசையில் சாய்ந்து நின்றபடி, ‘இந்த மடிப்பு, அந்த மடிப்பு’ என்று உத்தரவு போடுவார். ஒரு நாளும் தரையில் உட்கார்ந்ததில்லை. நடக்கும்போது வலது காலைக் கொஞ்சம் வீசித்தான் வைப்பார். அதிகாரம் பண்ணுகிறவர்களுக்கே வரும் நடை.

கிளப் பிக்கப் வண்டி களத்தோரம் வந்து நின்றது. மேடம் ஜன்னல் வழியாகவே சந்தனம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார்.

“அதெல்லாம் கெடக்கட்டும். வெதை வெளிய வந்துட்டா விலை போகாது. நசுங்குனதத் தனியாப் பொறுக்கிக் குடுத்துட்டுப் போங்க” என்றார் சந்தனம்மாள். “நீயும் செருப்பக் கழட்டிட்டு வாத்தா. இந்தாளு ஒத்தையாப் பொறுக்குனா பங்குனி வந்துரும்.”

மேடம் இறங்கவில்லை. கலெக்டரம்மாவாவது, களத்தில் உட்காருவதாவது என்று மிளகாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

வண்டிக் கதவு திறந்தது. அவர் சீட்டில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, வலது காலை வெளியே நீட்டினார்.

“அண்ணே, இந்த ஷூவக் கொஞ்சம் உருவி விடுங்க. முட்டி முழுசா மடங்காது.”

போய் மண்டிபோட்டு உருவினேன். கணுக்காலில் தொடங்கிய தையல் வடு ஒன்று பேன்ட்டுக்குள் ஏறிப் போனது.

அதிகார நடை என்று நான் சிரித்தது இந்தக் காலைப் பார்த்துத்தான். கண் எரிந்தது. கையெல்லாம் மிளகாய். துடைக்கவும் வழியில்லை.

ஷூவைக் கையில் பிடித்தபடியே கேட்டேன்.

“மேடம், அந்த நீலக் குடை யாருது?”

இந்தத் தடவை டீ ஆறவில்லை.

“என்னோடதுண்ணே.”

காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “குதிக்க முடியாமப் போன பெறகுதான் சொல்லிக்குடுக்க வந்தேன். அத வித்தாத்தான் இதுக்கு இன்னொரு ஆபரேஷன் பண்ண முடியும். வாங்குறேன்னு வந்த ஒரே ஆளு நீங்கதான்.”

நான் ஷூவைக் கீழே வைக்கவில்லை.

“வாங்கையில நானும் உங்கள மாதிரிப் பழகிக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குச் சரிப்படுமான்னு எல்லார்ட்டயும் கேட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதுல எறங்குன மொத நாளே இந்தக் காலு போச்சு.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலை மெல்லக் களத்தில் ஊன்றினார்.

“அது உங்களுக்கு வேணாம்ணே.”