கால் தரையில் படும்முன்

காலைக் கீழே வைக்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சுகந்தி வர வேண்டும்.

நரம்புச் சுருட்டலுக்கு லேசர் வைத்து ஒன்பது நாள். தொடைவரை ஏறும் இறுக்கமான சாக்ஸ் கொடுத்திருந்தார்கள். படுக்கும்போது கழற்றிவிடலாம். விழித்ததும், எழுந்து நிற்பதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். நாலு வாரம்.

தனியாக மாட்ட முடியவில்லை. விரல்களில் பிடிமானம் போய்விட்டது. பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் நின்றுகொண்டே தைத்த பீஸ்களை இழுத்து இழுத்துச் சரிபார்த்த உடம்பு.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, கூட வந்திருப்பவர் என்ன உறவு என்று நர்ஸ் கேட்டாள்.

இவள் யோசிப்பதற்குள் சுகந்தி சொல்லிவிட்டாள். "மருமக."

மகன் போய்ச் சேர்ந்து நாலு வருடம். சுகந்திக்கு மறுகல்யாணம் ஆகிப் பதினாலு மாதம். மாப்பிள்ளை பார்த்ததே இவள்தான்.

அதற்குப் பிறகு சுகந்தி எப்போதாவதுதான் வருவாள். இந்த ஒன்பது நாளாகத் தினமும்.

இன்னொரு காலுக்கும் லேசர் வைக்க வேண்டுமா என்று இவளே டாக்டரிடம் கேட்டாள். அது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கேட் திறந்தது.

சுகந்தி தரையில் உட்கார்ந்து, இவள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"லாடம் அடிக்கற மாதிரி புடிக்காத கண்ணு."

"மாடு கூட சும்மா படுத்துக்குமுங்க அத்தை. நீங்கதான் துள்ளறீங்க."

சாக்ஸ் குதிகாலைத் தாண்டியதும் சுகந்தியின் கை நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

குழாய்ச் சத்தம். வெகுநேரம்.

திரும்பி வந்தவள் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. மீதிச் சாக்ஸை ஏற்றினாள். சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டாள்.

மகனோடு சுகந்தி வாழ்ந்த மூன்று வருடமும் இதற்காக எத்தனை கோயில் ஏறினார்கள்.

"எத்தன நாளாச்சு கண்ணு?"

"அம்பது." தலை குனிந்தே இருந்தது. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க அத்தை."

இவள் அந்தத் தலையில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"நேத்து டாக்டருக்குப் போன் போட்டேன். சாக்ஸ் போட்டது போதும்னுட்டாரு. நாளைல இருந்து நீ வர வேண்டாம்."

"நாலு வாரம்னு சொன்னாருங்களே?"

"எல்லாருக்கும் அத்தன நாள் வேண்டியதில்லையாமா."

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஸ்கூட்டர்ல குலுங்கிக்கிட்டு வராத. குனிஞ்சு எதையும் இழுக்காத. அவங்க வீட்ல சொல்லிட்டியா?"

"நேத்துதானுங்க."

"சந்தோசப்பட்டாங்களா?"

"அவங்க அம்மா அழுதுட்டாங்க."

இவள் சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சுகந்தி சொன்னாள். "பொறந்ததும் மொதல்ல உங்க கைலதான் குடுப்பேன்."

"குடு குடு. இப்ப நேரமாச்சு, கிளம்பு."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அந்த வீட்டிலும் ஓர் அத்தை இருக்கிறாள். அவள்தான் முதலில் வாங்குவாள். அதுதான் முறை.

தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். வாசலில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நின்றாள்.

அன்று சாக்ஸைக் கழற்றாமல் படுத்தாள்.