பல்லி சாட்சி

அடுப்பங்கரையில் கிடந்த தேங்காய்ச் சில்லின் வாசனை சுண்டெலியை வளைக்குள் இருக்கவிடவில்லை. "பூனை வீட்டைவிட்டே போயிடுச்சுக்கா. மூணு நாளா மியாவ் சத்தமே இல்லையே!" என்றது.

"சத்தம் இல்லேன்னா தூங்குதுன்னும் வெச்சுக்கலாமே. அது போனதை யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டது அக்கா எலி.

அந்த நேரம் பார்த்து, சுவரில் இருந்த பல்லி 'இச்சு இச்சு' என்றது.

சுண்டெலி துள்ளிக் குதித்தது. "கேட்டியா? பல்லியே சொல்லிடுச்சு! இதுக்கு மேல என்ன வேணும்?"

அக்கா விடவில்லை. "பல்லியண்ணே, பூனை போனதை நீங்க பாத்தீங்களா?"

"எந்தப் பூனை? கையில சிக்கின கொசுவை விட்டுட்டேனேங்கிற கடுப்புல கத்தினேன்."

"பாத்தியா, பல்லி கண்ணுலகூடப் படலை! அப்போ பூனை இல்லவே இல்லை," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வளையைவிட்டு வெளியே வந்தது சுண்டெலி.

அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் ரொம்பக் கனிவாகக் கேட்டது: "உன் பேச்சுக்கு வலு சேர்க்க நானும் ஒரு காரணம் சொல்லட்டுமா தம்பி?"

"ஆகா, சொல்லுங்க, சொல்லுங்க!" என்று சுண்டெலி மூட்டைக்குப் பின்னால் ஓடியது.